ஏழு இரவுகளும் நான்கு மணி நேரமும்



"சென்னை எவ்வளவு தூரம்?" என்னும் வினாவை நம் தோட்டத்தில் மூவரிடம் கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். மாணவன் கிலோமீட்டரில் சொல்வான். சென்று வந்தவர் மணிக்கணக்கில் சொல்வார். செல்ல இயலாதவரோ பெருமூச்சொன்றையே விடையாகத் தருவார். மூன்றும் உண்மையான விடைகளே. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. இவ்வாண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதலாம் என எண்ணியபோது, கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தையும், அதனைக் கடக்க ஆகும் நேரத்தையும் பற்றி எழுதுவதே தக்கதென யாம் கருதினோம். புவியியலும் கணிதமும் இதில் அடங்கியுள்ளன. நம் குடும்பங்களின் வரலாறும் இதில் அடங்கியுள்ளது.

நூலால் அளப்போம்

முதலில் தூரத்தை அளப்போம். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அளவுகோலை வைத்து அளத்தல் கூடாது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது தூரங்கள் மாறிவிடுகின்றன. நாம் வழக்கமாகக் காணும் படங்களில், துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்புகள் உள்ளதைவிடப் பெரியனவாகத் தோன்றும். எனவே, வகுப்பறையிலுள்ள உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்தால் 100 சென்டிமீட்டர் வருகிறது. பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே, நம் உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது மெய்யான பூமியில் 400 கிலோமீட்டர் ஆகும்.

இனி, அந்நூலின் ஒரு முனையைச் சிலாங்கூர் மாநிலத்துச் சிப்பாங்கில் வையுங்கள். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் அங்கேதான் 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பெற்றது. மறுமுனையைச் சென்னையில் வைத்து, நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடியுங்கள். இடைப்பட்ட நூலின் நீளம் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். 400-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 2,600 வருகிறது. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு நுட்பமாகக் கணக்கிட்டால் சுமார் 2,630 கிலோமீட்டர் கிடைக்கும். ஒரு நூலையும் உருண்டையையும் கொண்டே உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இழுத்துப் பிடித்த அந்நூல் எவ்விடங்களின்மேல் செல்கிறது என்பதையும் காணுங்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டுகிறது. சுமத்ரா தீவின் வடமுனையை ஒட்டிச் செல்கிறது. பெரிய நிக்கோபார் தீவுக்கு அருகே கடக்கிறது. அதன்பின் வங்காள விரிகுடாவின் நீலப் பரப்பின்மேல் நெடுந்தொலைவு சென்று சோழமண்டலக் கரையைத் தொடுகிறது. உருண்டையின்மீது இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி இதுவே. விமானங்கள் பெரும்பாலும் இவ்வழியை ஒட்டியே பறக்கின்றன. மேகமும் காற்றும் வான்வழி ஒழுங்கும் கருதிச் சற்றே விலகிச் செல்வதும் உண்டு.

நான்கு மணி நேரம் ஏன்?

தூரம் தெரிந்துவிட்டது. இனி நேரத்தைக் காண்போம். பயணிகள் விமானம் பத்து அல்லது பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 830 கிலோமீட்டர் என்று கொள்வோம். 2,630-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி பத்து நிமிடம் வருகிறது. ஆனால், கால அட்டவணையிலோ ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்றிருக்கும். எஞ்சிய ஐம்பது நிமிடம் எங்கே போயிற்று?

அட்டவணை நேரம் என்பது, விமானம் பயணிகளை ஏற்றிய வாயிலை விட்டு நகர்ந்தது முதல், சென்று சேர்ந்த ஊரில் வாயிலை அடைந்து நிற்கும்வரை உள்ள நேரமாகும். ஓடுபாதைக்குச் செல்லும் நேரம், முன்னுள்ள விமானங்களுக்காகக் காத்திருக்கும் நேரம், மெல்ல மேலேறும் நேரம், மெல்லக் கீழிறங்கும் நேரம் ஆகிய யாவும் அதில் அடங்கும். முழு வேகம் நடுவானில் மட்டுமே வாய்க்கும்.

இதனை வேறோர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையம் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரமே. முழு வேகத்தில் பறந்தால் இருபத்திரண்டு நிமிடத்தில் சென்றுவிடலாம். ஆயினும் அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. சென்னை, சிங்கப்பூரைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு தூரம். நேரமோ நான்கு மடங்கே. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் இரண்டு பயணங்களுக்கும் பொதுவாக இருப்பதே காரணம்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆற்றோட்டத்தோடு செல்லும் படகு விரையும். எதிர்த்துச் செல்லும் படகு தளரும். வானிலும் அவ்வாறே. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி விரைவான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. அக்காலத்தில் சென்னைக்குச் செல்லும் விமானத்துக்கு அது துணை. திரும்பும் விமானத்துக்கு அது தடை.

கடிகாரம் செய்யும் வேடிக்கை

ஒரு முறை ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, உறவினர் ஒருவரின் பயணச்சீட்டை எடுத்து வந்து எம்மிடம் காட்டினாள். "ஐயா, போகும்போது காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்கு இறங்குகிறார்கள். திரும்பும்போது இரவு பதினொன்றரைக்குப் புறப்பட்டுக் காலை ஆறு மணிக்கு இறங்குகிறார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரை மணி நேரமா?" என்று வினவினாள். நல்ல வினா! காற்றினால் இவ்வளவு வேறுபாடு நேராது. இது கடிகாரத்தின் வேலை.

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்ட விமானம் நான்கு மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் பகல் ஒரு மணி. அப்போது சென்னைக் கடிகாரத்தில் பத்தரை மணிதான். திரும்பும்போது, சென்னையில் இரவு பதினொன்றரை என்பது நமக்குப் பின்னிரவு இரண்டு மணி. அதனோடு நான்கைக் கூட்டினால் காலை ஆறு. போகும்போது தோன்றும் ஒன்றரையையும், வரும்போது தோன்றும் ஆறரையையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். உண்மைப் பயண நேரமாகிய நான்கு கிடைக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து இரண்டால் வகுத்தால், இரு நாடுகளின் நேர வேறுபாடாகிய இரண்டரை கிடைக்கும். போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும்போது இக்கணக்குத் தவறாது. வேறு எந்த இரு நகரங்களுக்கும் இதைச் செய்து பாருங்கள்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சிப்பாங்குக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகை வேறுபாடு இருபத்தொன்றரை பாகை. சூரியன் அதனைக் கடக்க 86 நிமிடம் போதும். அவ்வாறாயின் கடிகாரங்கள் மட்டும் 150 நிமிடம் வேறுபடுவது ஏன்? இந்தியக் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு இயங்குகிறது. நம் கடிகாரமோ சபாவுக்கும் அப்பால் கிழக்கிலுள்ள 120 பாகையைக் கொண்டு இயங்குகிறது. தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக் மாநிலங்களும் ஒரே நேரத்தைக் கொள்ள வேண்டுமென, 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பெற்றன. அதற்குமுன் இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரமே வேறுபாடு. நீங்கள் இருள் விலகுமுன் எழுந்து பள்ளிக்குப் புறப்படுவதற்கும், நம் தலைக்குமேல் சூரியன் பன்னிரண்டு மணிக்கு வாராமல் ஒரு மணிக்கு மேல் வருவதற்கும் காரணம் இதுவே.

ஏழு இராத்திரித் தூரம்

இதே 2,600 கிலோமீட்டர் பண்டைக் காலத்தில் எவ்வாறு இருந்தது? 1025-ஆம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின்மீது படையெடுத்து வந்தது. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலப் பகுதி. அக்காலக் கப்பல்களைச் செலுத்தியது பாய்மரம். பாய்மரத்தைச் செலுத்தியது பருவக்காற்று. காற்று திசை மாறும்வரை வணிகர்கள் துறைமுகங்களில் மாதக் கணக்கில் தங்கியிருந்தனர். அன்று பயணத்தின் நீளத்தை வகுத்தது காற்றே.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை நம் தோட்டத்து முதியோர் இன்றும் மறவார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனத் துறைமுகந்தோறும் அது மக்களைச் சுமந்து சென்றது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம்.

எம் பாட்டியார் 1937-ஆம் ஆண்டு, தம் பதினைந்தாம் வயதில், தமையனாரின் கைபிடித்து நாகப்பட்டினத்தில் அக்கப்பலில் ஏறினார். தாயார் கரையில் நின்றார். கப்பலின் தட்டில் பாய் விரித்து, கையளவு இடத்தில் நாள்களைக் கழித்து, பினாங்கை அடைந்து, ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கியபின் தோட்டம் வந்து சேர்ந்தார். யாம் சிறுவராய் இருந்தபோது, "ஊர் எவ்வளவு தூரம் பாட்டி?" என்று கேட்டால், "ஏழு ராத்திரி தூரம்டா ராசா" என்பார். அவர் கிலோமீட்டரை அறியார், மைலையும் அறியார். இரவுகளையே எண்ணி வந்தார். அவர் சொன்ன கணக்குத் தவறன்று.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. ஊருக்குக் கப்பல் இல்லை, கடிதமும் இல்லை. போர் முடிந்து மீண்டும் தபால் வரத் தொடங்கியபின், 1946-இல் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக் கிராணியார் அதனைப் படித்துச் சொன்னார். எம் பாட்டியாரின் தாயார் 1943-லேயே காலமாகிவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. மூன்றாண்டுகளாக இல்லாத ஒருவரை இருப்பவராக எண்ணி, ஒவ்வொரு பொங்கலுக்கும் "அடுத்த வருசம் ஆத்தாவைப் பார்க்கலாம்" எனச் சொல்லி வந்தவர் அவர். அன்று பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் அமர்ந்தவர் மாலைவரை எழவில்லை என்று எம் தாயார் கூறுவார். கடலின் அகலம் கூடவில்லை, குறையவில்லை. ஆயினும், அச்செய்தி அதனைக் கடக்க மூன்றாண்டுகள் ஆயின.

கப்பல் போய் விமானம் வந்தது

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுபாங் விமான நிலையம் திறக்கப்பெற்றது. வசதி படைத்தோர் விமானத்தில் சென்றனர். தோட்ட மக்கள் கப்பலிலேயே சென்றனர். 1973-இல் 'ரஜூலா' இத்தடத்திலிருந்து ஓய்வு பெற்றது. அதன்பின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அக்கப்பலின் பயணிகள் சேவையும் முடிவுற்றது. ஏழு இரவுக் கடல்வழி எம் தலைமுறையின் கண்முன்னேயே மறைந்து, நான்கு மணி நேர வான்வழி மட்டும் எஞ்சியது.

யாம் 2012-ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகச் சென்னைக்குப் பறந்தோம். இருக்கைக்கு முன்னுள்ள திரையில், சிறிய விமானப் படமொன்று சுமத்ராவின் முனையைத் தாண்டி வெறும் நீல நிறத்தின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு வேளை உணவு உண்டு, சிறிது கண்ணயர்ந்து எழுந்தோம், சென்னை வந்துவிட்டது. எம் பாட்டியார் ஏழு இரவு கடந்த கடலை, ஓர் இரவுகூடக் கழியாமல் கடந்துவிட்டோம். அன்று அவர் உயிரோடில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது

இதுவரை சொன்னவற்றைக் கேட்டால், தூரம் முற்றிலும் வெல்லப்பட்டது என்றே எண்ணத் தோன்றும். யாமும் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தோம். ஆனால், நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இப்பாடம் நிறைவு பெறாது. அவர் ஒப்புதலோடு, பெயர் குறிக்காமல் எழுதுகிறோம்.

அவர் 1948-இல் இம்மண்ணிலேயே, லயத்து வீட்டில் பிறந்தவர். எழுதப் படிக்க அறியாத பெற்றோர் பிறப்பைப் பதியாமல் விட்டனர். ஆகவே, நீல அடையாள அட்டை அவருக்கு வாய்க்கவில்லை. சிவப்பு அடையாள அட்டையே கிடைத்தது. 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் நிலை வந்தது. அவருக்குச் சீட்டுக் கிடைத்தது. தமையனாருக்குக் கிடைக்கவில்லை. 1970-ஆம் ஆண்டு தமையனார் பெற்றோரையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். மன்னார்குடிக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் குடியமர்ந்தார். இளையவர் இங்கேயே நின்று, பால் வெட்டி, பின்னர்ச் செம்பனைக் குலை சுமந்து, பிள்ளைகளை ஆளாக்கினார்.

ஒரு நாள் விடியற்காலையில் கைப்பேசி ஒலித்தது. தமையனார் சற்றுமுன் காலமானார் என்று செய்தி. எம் பாட்டியாருக்கு மூன்றாண்டு கழித்து வந்த செய்தி, இவருக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. பிள்ளைகள் உடனே விமான நேரம் பார்த்தனர். மாலை விமானத்தில் சென்றால் மறுநாள் காலை சேரலாம். அதுவரை உடலை வைத்திருப்பதாக ஊரிலிருந்தும் சொன்னார்கள். பயணச்சீட்டுக்கு வேண்டிய பணத்தை மகன் ஏற்பாடு செய்துவிட்டார். கடப்பிதழ்தான் இல்லை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் அதற்கு ஈடான பத்திரம் பெறவே பல நாள் ஆகும். அதன்மேல் இந்திய விசாவும் வேண்டும். பிள்ளைகள் குடியுரிமை உடையவர்கள்தாம். ஆயினும் வெளிநாடு செல்லும் எண்ணமே இல்லாததால் அவர்களும் கடப்பிதழ் எடுத்திருக்கவில்லை.

செய்தி அறிந்து யாம் சென்றபோது, பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். பேரன் கைப்பேசியைப் பிடித்திருந்தான். அதன் சின்னஞ்சிறு திரையில் தமையனாரின் இறுதி ஊர்வலம் சென்றுகொண்டிருந்தது. திரையைப் பார்த்தவாறே அவர் சொன்னார்: "அண்ணனைக் கப்பல்ல ஏத்திவிட்டவன் நான்தான், ஐயா. தோள் கொடுக்க என்னால போக முடியலையே." ஆறுதல் சொல்லச் சென்ற எமக்கு வாய் எழவில்லை. பக்கத்தில் நின்ற பேரன் நம் மாணவன். "சார், நாலு மணி நேரம்தானே சார்?" என்று அவன் கேட்டான். அந்தக் கணக்கை அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே.

வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை

அக்குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் கடப்பிதழ் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த பேத்தி அவள். நம் பள்ளியின் முன்னாள் மாணவி. விசா கிடைத்ததும், தாத்தாவின் சார்பில் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்று வந்தாள். தாத்தா எடுத்துக் கொடுத்த கோடி வேட்டியை அவள் கையோடு கொண்டு சென்றாள். திரும்பி வந்தபின் தன் பயண நேரங்களை எழுதி எம்மிடம் கொடுத்தாள். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டுமென இங்கே தருகிறோம்.

தோட்டத்திலிருந்து காரில் புறப்பட்டது பின்னிரவு 2 மணி. சிப்பாங் சேர்ந்தது 5 மணி. பதிவும் சோதனையும் முடிந்து விமானம் நகர்ந்தது காலை 8.30. சென்னையில் நின்றது இந்திய நேரம் காலை 10 மணி. குடிநுழைவுச் சோதனை முடிந்து பெட்டியோடு வெளியே வந்தது 11.30. பேருந்தில் மன்னார்குடி சென்று, அங்கிருந்து ஆட்டோவில் வீட்டு வாசலை அடைந்தது இரவு 7.30. அப்போது நம் தோட்டத்தில் இரவு 10 மணி. ஆக, வாசலிலிருந்து வாசலுக்கு இருபது மணி நேரம். அதில் விமானத்தில் கழிந்தது நான்கு மணி நேரம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய நான்கு பங்கும் சாலையிலும் வரிசையிலும் கழிந்தன. விசாவுக்குக் காத்திருந்த நாள்களையும், கடப்பிதழுக்காக முன்பு அலைந்த நாள்களையும் சேர்த்தால், அந்த நான்கு மணி நேரம் இன்னும் சிறுத்துப் போகும்.

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் எல்லார்க்கும் ஒன்றே. அதற்கு ஏழை, பணக்காரன் என்னும் வேற்றுமை இல்லை. ஆனால், நம் வீட்டு வாசலுக்கும் விமான நிலைய வாசலுக்கும் இடைப்பட்ட தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சாலை, பணம், படிப்பு, பத்திரம் ஆகிய நான்கும் அத்தூரத்தை வகுக்கின்றன. விமானத்தை விரைவாக்குவது பொறியாளரின் வேலை. இந்த நான்கையும் சீராக்குவது நம் வேலை.

அந்நிகழ்ச்சிக்குப்பின், நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் பார்வையிட்டனர். சில பத்திரங்களில் பெயர் எழுத்து மாறியிருந்தது. சிலவற்றில் தந்தையின் பெயர் இல்லை. திருமணத்தைப் பதியாத பெற்றோர் சிலரும் இருந்தனர். ஆசிரியர்கள் உடனிருந்து படிவங்களை எழுதிக் கொடுத்தனர். எல்லாம் தீர்ந்துவிட்டன எனச் சொல்வதற்கில்லை. சில இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெரியவரே தம் இரு பேரர்களையும் கைபிடித்து அழைத்து வந்து வரிசையில் முதலில் அமர்ந்தார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

ஆதலின் பெற்றோர்களே, குழந்தை பிறந்தவுடன் காலம் தாழ்த்தாமல் பிறப்பைப் பதியுங்கள்; திருமணத்தையும் முறைப்படி பதியுங்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்ததும் மைகார்டு எடுக்கத் தவறாதீர்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனைத் தாமே வீட்டில் நினைவூட்டுதல் வேண்டும். எங்கும் செல்லும் எண்ணம் இல்லையெனினும், இயன்றவர்கள் கடப்பிதழ் ஒன்றை எடுத்து வையுங்கள். பயணம் நாம் நினைத்தபோது மட்டும் வருவதன்று. பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு, வீட்டில் எல்லாரும் அறிந்த ஓரிடத்தில் வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! உலக உருண்டையில் நூல் பிடித்து அளக்கக் கற்றீர்கள். நேரத்தைக் கூட்டவும் கழிக்கவும் கற்றீர்கள். இனி, உங்கள் வீட்டிலுள்ள முதியோரிடம் சென்று, அவர்களுடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எத்தனை இரவு கடந்து வந்தனர் எனக் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை வெளியிடுவோம். கேட்பதற்கு இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர்.

இம்மண்ணே நம் தாயகம். இங்கேயே நாம் வாழ்கிறோம், வளர்கிறோம். ஆயினும் கடலுக்கு அப்பால் நம்மவர் ஒருவர் பிறந்தார் என்றோ இறந்தார் என்றோ செய்தி வரும்போது, போக விரும்புவோர் போக இயல வேண்டும். நம் பிள்ளைகளில் ஒருவர்க்கும் அந்த நான்கு மணி நேரம் எட்டாத் தூரமாகிவிடக் கூடாது. கற்போம், ஆவன செய்வோம்.

வாழ்க மாணவர்! வளர்க நம் பள்ளி!

அன்புடன்,
தலைமையாசிரியர்